பிடி தளராமல் இருக்க: தடித்த பிடியும் சிறு எடையும்

தானா ராத்தா வட்டார மூத்தோருக்கான நலவாழ்வு உரையின் எழுத்து வடிவம்



இரத்த அழுத்தம் பற்றியும் இனிப்பு நீர் பற்றியும் கிளினிக்கில் நீங்கள் பல முறை கேட்டிருப்பீர்கள். இன்று நான் பேச வந்திருப்பது உங்கள் கைப்பிடியைப் பற்றி. காலையில் எழுந்தது முதல் இரவு படுக்கும்வரை நம் கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கிறது. குழாயைத் திருகுகிறோம். கேத்தலைத் தூக்கித் தேநீர் ஊற்றுகிறோம். ஊறுகாய் போத்தலைத் திறக்கிறோம். துண்டைப் பிழிகிறோம். சந்தைப் பையைத் தூக்குகிறோம். பேருந்தில் கம்பியைப் பற்றுகிறோம். மழையில் நனைந்த படிக்கட்டில் இறங்கும்போது பக்கத்துக் கம்பியை இறுக்கிப் பிடிக்கிறோம்.

இவற்றில் ஒன்று முடியாமல் போனால் நாம் பெரிதாக எண்ணுவதில்லை. "போத்தலை மகன் வந்து திறந்து கொடுப்பான்" என்று விட்டுவிடுகிறோம். பிறகு கேத்தல் கனக்கிறது. அடுத்து, பை தூக்க முடியவில்லை என்று கடைக்குப் போவது நின்றுபோகிறது. படியில் இறங்கப் பயம் வந்து கோயிலுக்குப் போவதும் குறைகிறது. இப்படித்தான் ஒருவர் வீட்டுக்குள்ளேயே முடங்கிப் போகிறார். தொடக்கம் ஓர் ஊறுகாய் போத்தலாக இருந்திருக்கும்.

இதைத் தடுக்க முடியும். அதற்கு வேண்டியவை, கைக்குச் சற்றுத் தடிமனான ஒரு பிடி, அதிகக் கனமில்லாத ஓர் எடை, வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் கால் மணி நேரம். இவ்வளவுதான். எப்படிச் செய்வது, ஏன் செய்வது, யார் கவனமாக இருக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

உழைத்த கைக்குப் பயிற்சி எதற்கு?

இந்தக் கேள்வியைப் பலரும் கேட்பார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. இந்த மலையில் 1929ஆம் ஆண்டில் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1933இல் பாரத் தோட்டம் வந்தது. அந்தச் சரிவுகளைப் பச்சையாக்கியவை நம் மக்களின் கைகள். முதலில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கொழுந்து கிள்ளினார்கள். பிறகு கத்தரி வந்தது. அதற்கும் பிறகு, இருவர் சேர்ந்து பிடித்துக்கொண்டு போகும் வெட்டும் இயந்திரம் வந்தது. முதுகில் கூடை, கையில் கத்தரி, காலடியில் சரிவு என்று ஆண்டுக்கணக்கில் உழைத்தவர்கள் உங்களில் பலர். காய்கறித் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்தவர்களும் இருக்கிறீர்கள்.

வீட்டிலும் கைக்கு வேலை குறைவில்லாமல் இருந்தது. உலக்கையை நினைத்துப் பாருங்கள். அதன் தண்டு விரல்களுக்குள் முழுவதும் அடங்காது. அம்மிக் குழவியும் அப்படித்தான். ஆட்டுக்கல்லின் குழவியைச் சுற்றிச் சுற்றி மாவாட்டிய கைகள் நம்முடையவை. தடித்த பிடி என்று இன்று உடற்பயிற்சிக் கூடங்களில் விலைக்கு விற்பதை நம் அம்மாக்கள் அடுக்களையிலேயே வைத்திருந்தார்கள். இப்போது பிளெண்டர் அரைக்கிறது. துணி துவைக்கும் இயந்திரம் பிழிகிறது. வேலை சுலபமானது நல்லதுதான். ஆனால் கைக்குக் கிடைத்துவந்த பயிற்சியும் அதோடு நின்றுவிட்டது.

தசை, ஈ.பி.எஃப். பணம் போன்றது இல்லை. இளமையில் கட்டிய சந்தா வயதான பிறகு அப்படியே இருந்து கைகொடுப்பதற்கு அங்கே கணக்குப் புத்தகம் கிடையாது. வேலை நின்றதும் தசை மெலியத் தொடங்குகிறது. முப்பது வயதுக்குப் பிறகே இந்தத் தேய்மானம் மெதுவாக ஆரம்பித்துவிடும். அறுபதைக் கடந்தபின் வேகமாகும். நாற்பது ஆண்டு கத்தரி பிடித்த கையும் ஐந்தாண்டு சும்மா இருந்தால் தளரும். அது அந்தக் கையின் குற்றமில்லை. உடம்பின் இயல்பு அது.

ஆனால் மறுபக்கமும் ஒன்று உண்டு. மீண்டும் வேலை கொடுத்தால் தசை மீண்டும் வலுப்பெறும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்து முதியோர் மருத்துவ இல்லம் ஒன்றில் தங்கியிருந்த, தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 1990இல் வெளியானது. பயிற்சியை முடித்தவர்களின் கால் வலு சராசரியாக இரண்டு மடங்குக்கும் மேலாகக் கூடியிருந்தது. தொண்ணூறு வயதில் அது முடியும் என்றால், எழுபது வயதில் நாம் தொடங்கத் தயங்க வேண்டியதில்லை.

பிடியைப் பார்த்து மருத்துவர் என்ன தெரிந்துகொள்கிறார்?

சில மருத்துவமனைகளில் ஒரு சிறு கருவியைக் கையில் கொடுத்து, "முடிந்தவரை அழுத்துங்கள்" என்பார்கள். எத்தனை கிலோ விசையில் அழுத்துகிறீர்கள் என்று அது காட்டும். தசைத் தேய்வைப் பற்றி ஆராயும் ஆசிய வல்லுநர் குழு 2019இல் வகுத்த அளவின்படி, ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் குறைந்தால் பிடி தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

ப்யூர் என்ற பெரிய ஆய்வு 17 நாடுகளில் நடந்தது. மலேசியாவும் இந்தியாவும் அதில் உண்டு. 35 முதல் 70 வயதுவரையிலான ஏறக்குறைய 1,40,000 பேரின் பிடிவலுவை அளந்து, சில ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2015இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. பிடிவலு ஒவ்வொரு 5 கிலோ குறையும்போதும், அந்த ஆண்டுகளில் இறக்கும் வாய்ப்பு 16 விழுக்காடு கூடியிருந்தது.

இதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். கையை மட்டும் அழுத்திப் பழகினால் ஆயுள் கூடும் என்று இதற்குப் பொருள் இல்லை. பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள் அல்லவா? அதுபோல, கைப்பிடியைப் பார்த்தால் உடம்பு முழுவதும் உள்ள தசை எப்படி இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும். ஆகவே கைக்குப் பயிற்சி கொடுப்போம். காலையும் மறக்காமல் இருப்போம். காலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தடித்த பிடி என்ன செய்கிறது?

உங்கள் விரல்களை மடக்கி விரித்துப் பாருங்கள். மற்றொரு கையால் முன்கையைத் தொட்டுக்கொண்டே செய்யுங்கள். முழங்கைக்குக் கீழே தசை அசைவது தெரியும். விரலை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை, முன்கையில் இருக்கின்றன. பொம்மலாட்டத்தில் மேலிருந்து நூலை இழுத்தால் கீழே பொம்மை அசைவதுபோல, முன்கைத் தசை இழுக்க, மணிக்கட்டு வழியாகப் போகும் நாண்கள் விரலை மடக்குகின்றன.

கடையில் விற்கும் சாதாரண டம்பெல்லின் பிடி ஏறக்குறைய 3 சென்டிமீட்டர் தடிமன் இருக்கும். அதைப் பிடித்தால் விரல்கள் சுற்றி வளைந்து, கட்டைவிரல் மற்ற விரல்களின் மேல் வந்து பூட்டிக்கொள்ளும். கொக்கியில் மாட்டியதுபோல எடை நின்றுவிடும். கைக்கு அதிகச் சிரமம் இல்லை. அதே எடையை 5 சென்டிமீட்டர் தடிமனுள்ள பிடியில் தூக்கினால், கட்டைவிரலுக்கும் மற்ற விரல்நுனிகளுக்கும் நடுவே இடைவெளி விழும். பூட்டு விழாது. நழுவாமல் இருக்கக் கட்டைவிரல், மற்ற விரல்கள், முன்கை எல்லாம் சேர்ந்து அழுத்தியாக வேண்டும்.

நூறாண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் தாமஸ் இஞ்ச் என்ற பயில்வான் இருந்தார். அவரிடம் 172 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 78 கிலோ எடையுள்ள ஒரு டம்பெல் இருந்தது. அதை ஒரு கையால் தூக்கிக் காட்டும்படி சவால் விடுவார். அதைவிட அதிக எடை தூக்கிப் பழகியவர்கள்கூட அதைத் தரையைவிட்டு எழுப்ப முடியாமல் திகைத்தார்கள். காரணம் அதன் பிடி. ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் தடிமன். தோளும் முதுகும் தயாராக இருந்தும் விரல்கள் தோற்றுப்போயின.

பயில்வானுக்குத் தடையாக இருந்த அதே பிடி நமக்கு உதவியாக ஆகிறது. வயதான தோளுக்கும் முதுகுக்கும் கனமான எடை ஆபத்து. ஆனால் கைக்கு வேலை வேண்டும். பிடியைத் தடிமனாக்கி எடையைக் குறைத்தால் இரண்டும் பொருந்திவரும். அரைக் கிலோவோ ஒரு கிலோவோ போதும். தோளுக்குத் தொல்லையில்லாமல் கைக்கு நல்ல வேலை கிடைக்கும்.

வீட்டில் இருப்பதே போதும்

இதற்காக வெள்ளி செலவழித்து எதையும் வாங்க வேண்டாம்.

முதல் வழி, 500 மில்லிலிட்டர் தண்ணீர் போத்தல். அது ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் தடிமன் உள்ளது. நிறையத் தண்ணீர் இருந்தால் அரைக் கிலோ எடை. அதன் நடுப்பகுதியைப் பிடித்தால் அதுவே தடித்த பிடியுள்ள டம்பெல். கை மிகவும் தளர்ந்தவர்கள் பாதித் தண்ணீரில் தொடங்கலாம். எடை கூட வேண்டுமென்றால் தண்ணீருக்குப் பதிலாக உலர்ந்த மணல் நிரப்புங்கள்; ஏறக்குறைய 800 கிராம் வரும். நெளிந்துபோகும் மெல்லிய போத்தல் வேண்டாம், சற்றுக் கெட்டியானதைத் தேர்ந்தெடுங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள். வெளியே ஈரம் இருந்தால் துடைத்துவிட்டுப் பிடியுங்கள்.

இரண்டாவது வழி, வீட்டில் பேரப்பிள்ளைகள் வாங்கிப் போட்டிருக்கும் ஒரு கிலோ டம்பெல். அதன் பிடியைச் சுற்றி ஒரு குட் மார்னிங் துண்டை இறுக்கமாகச் சுற்றி, இரண்டு முனையிலும் ரப்பர் பட்டை போடுங்கள். பிடித்துப் பாருங்கள். கட்டைவிரல் நுனிக்கும் நடுவிரல் நுனிக்கும் இடையே ஒரு விரல் அகலம் இடைவெளி இருந்தால் அளவு சரி. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் போனால் துண்டைக் கொஞ்சம் குறையுங்கள். சிறிய கை உள்ளவருக்கு 4 சென்டிமீட்டரே தடிமன்தான். பெரிய கைக்கு 5 தேவைப்படும். அளவுகோலைவிட உங்கள் விரல் சொல்வதே சரி.

மூன்றாவது வழி, ஹார்ட்வேர் கடையில் ஏர்கோன் குழாய்மேல் மாட்டுவதற்கு விற்கும் கறுப்பு நுரைக் குழாய். ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, பக்கவாட்டில் கீறி, டம்பெல் பிடியில் மாட்டி நாடா ஒட்டினால் போதும். குளிரில் இரும்பு சில்லிடாமலும் இருக்கும்.

கர்லாக்கட்டை வைத்திருப்பவர்கள் சிலர் கேட்கக்கூடும். அதன் கனம் முழுவதும் மறுமுனையில் இருப்பதால் சுழற்றும்போது தோள் வெகுவாக இழுபடும். இளமை முதல் ஆசானிடம் பழகியவருக்கு அது சரி. புதிதாகத் தொடங்கும் மூத்தோருக்கு வேண்டாம்.

மூட்டு வலி உள்ள கைக்கு

விரல் மூட்டு வலிக்கிறவர்கள், "எனக்கு இது ஆகாது" என்று நினைக்க வேண்டாம். இங்கிலாந்தில் முடக்குவாதம் உள்ள 490 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கை மூட்டு முடக்குவாதத்தால் பாதிக்கப்பட்டு, மருந்தும் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். கைக்கு நீட்டல் பயிற்சியும் வலுப்பயிற்சியும் முறையாகக் கற்றுக்கொண்டவர்களின் கை, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களின் கையைவிட நன்றாக வேலை செய்தது. இதுவும் 2015இல் வெளிவந்தது.

ஆனால் இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மிக மெல்லிய பிடியும் மூட்டை வருத்தும், மிகத் தடித்த பிடியும் வருத்தும். மெல்லிய கரண்டிக் காம்பைப் பிடிக்க விரலை முழுவதும் மடக்கி இறுக்க வேண்டும், வலிக்கும். அதே காம்பில் துணி சுற்றி 3 சென்டிமீட்டர் ஆக்கினால் வலி குறையும். ஆகவே மூட்டு வலி உள்ளவர்கள் கரண்டி, கத்தி, பல்துலக்கி, பேனா ஆகியவற்றின் பிடியைத் தடிமனாக்கிக்கொள்ளுங்கள். அது அன்றாட வேலையைச் சுலபமாக்கும். பயிற்சிக்கு 4 சென்டிமீட்டருக்கு மேல் போகாமல், பாதித் தண்ணீர் அளவு எடையோடு தொடங்குங்கள். மூட்டு சிவந்து, சுட்டு, வீங்கியிருக்கும் நாட்களில் பயிற்சி வேண்டாம்.

தொடங்குமுன்

நம் ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேல் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் விரல்கள் விறைத்திருக்கும். விறைத்த கையோடு எடையைத் தொடாதீர்கள். பசியாறி முடித்து, வெயில் வந்தபின் செய்வது நல்லது. அதற்குமுன் வெதுவெதுப்பான தண்ணீரில் கையை ஐந்து நிமிடம் வைத்திருங்கள். இனிப்பு நீரால் கை மரத்துப்போனவர்கள் தண்ணீரின் சூட்டை முழங்கையால் பார்த்துவிட்டுக் கையை வையுங்கள். பிறகு விரல்களைப் பத்து முறை மடக்கி விரியுங்கள். மணிக்கட்டை இரு பக்கமும் சுழற்றுங்கள்.

கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதமும் தரையில் பதியட்டும். தடித்த பிடி எளிதில் நழுவும் என்பதை மறக்காதீர்கள். காலில் சப்பாத்து போட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, கால் மரத்துப்போன இனிப்பு நீர்க்காரர்கள் வெறுங்காலோடு செய்யவே கூடாது. டம்பெல் விழுந்த காயம் தெரியாமல் புண்ணாகிவிடும். சிறு பிள்ளைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

மூச்சை அடக்காதீர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு இறுக்கினால் இரத்த அழுத்தம் ஏறும். இதற்கு எளிய வழி, வாய்விட்டு எண்ணுவது. எண்ணிக்கொண்டிருக்கும்போது மூச்சை அடக்க முடியாது.

ஐந்து பயிற்சிகள்

ஒன்று, பிடித்து நிற்றல். உட்கார்ந்தபடி, எடையைக் கையில் பிடித்துக் கையைப் பக்கவாட்டில் தொங்கவிடுங்கள். பத்து எண்ணும்வரை பிடித்திருங்கள். இறக்கி வைத்து, அதே அளவு நேரம் ஓய்வு. ஒரு கைக்கு மூன்று முறை. வாரம் செல்லச்செல்ல இருபது, முப்பது என்று எண்ணிக்கையைக் கூட்டுங்கள். சந்தைப் பை தூக்குவதற்கு உதவும் பயிற்சி இது.

இரண்டு, கை மடக்கல். முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, உள்ளங்கை மேலே பார்க்க, எடையைத் தோளை நோக்கி மெதுவாக மடக்குங்கள். மூன்று எண்ணி மேலே, மூன்று எண்ணிக் கீழே. எட்டு முதல் பத்து முறை. கேத்தலும் பானையும் தூக்குவதற்கு இது.

மூன்று, மணிக்கட்டு ஏற்றம். முன்கையை மேசைமேல் வைத்து, கை மட்டும் விளிம்புக்கு வெளியே இருக்கட்டும். உள்ளங்கை மேலே பார்க்க, மணிக்கட்டை மட்டும் உயர்த்தி இறக்குங்கள். எட்டு முறை. பிறகு உள்ளங்கை கீழே பார்க்க எட்டு முறை. இதற்கு மற்றவற்றைவிடக் குறைந்த எடை போதும்.

நான்கு, திருப்பல். முன்கை மேசைமேலேயே இருக்கட்டும். போத்தலை நிமிர்த்திப் பிடித்து, டம்ளரிலிருந்து தண்ணீர் ஊற்றுவதுபோல மெதுவாக ஒரு பக்கம் சாய்த்து, நிமிர்த்தி, மறுபக்கம் சாயுங்கள். பக்கத்துக்கு ஐந்து முறை. குழாய், சாவி, போத்தல் மூடி எல்லாவற்றுக்கும் இது உதவும்.

ஐந்து, விரல் விரித்தல். மடக்கும் தசைக்கு மட்டும் வேலை கொடுத்தால் போதாது. விரிக்கும் தசைக்கும் வேண்டும். ஐந்து விரல்நுனிகளையும் குவித்து, அவற்றைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை போட்டு, பூ விரிவதுபோல விரல்களை விரியுங்கள். பத்து முறை.

இவ்வளவையும் செய்து முடிக்கக் கால் மணி நேரம் ஆகும். வாரத்தில் இரண்டு நாள் கட்டாயம். மூன்று நாள் என்றால் இன்னும் நல்லது. நடுவில் ஒரு நாளாவது கைக்கு ஓய்வு கொடுங்கள். தசை வலுப்பெறுவது அந்த ஓய்வில்தான். உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டியும், 65 வயதைக் கடந்தவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது.

எடையை எப்போது கூட்டுவது? பத்து முறை செய்தபின் கடைசி இரண்டு முறை சற்றுச் சிரமமாக இருந்தால் அந்த எடை சரி. இரண்டு வாரம் தொடர்ந்து சிரமமே தெரியவில்லை என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். தடிமனையும் எடையையும் ஒரே நேரத்தில் கூட்டாதீர்கள். சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியில், செய்த நாளின் கட்டத்தில் எத்தனை எண்ணிக்கை பிடித்தீர்கள் என்று எழுதிவாருங்கள். மூன்று மாதம் கழித்து முதல் தாளைத் திருப்பிப் பாருங்கள். முன்னேற்றம் உங்கள் கையெழுத்திலேயே இருக்கும்.

யார் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்?

அண்மையில் கை எலும்பு முறிந்தவர்கள், கண்ணிலோ இருதயத்திலோ வயிற்றிலோ அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், இரத்தச் சுத்திகரிப்புக்காகக் கையில் குழாய் இணைப்புச் செய்துகொண்டவர்கள், பக்கவாதத்திலிருந்து தேறிவருகிறவர்கள், இவர்கள் எல்லாரும் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் விழிப்பு வருகிறதா? மடங்கிய விரல் நிமிர மறுத்து, "டக்" என்று விடுபடுகிறதா? அப்படியென்றால் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சி அதை மோசமாக்கலாம். முதலில் காட்டுங்கள். தானா ராத்தாவில் உள்ளவர்கள் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கிலோ சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனையிலோ கேட்கலாம்.

பயிற்சி செய்த மறுநாள் முன்கையில் இலேசான வலி இருப்பது இயல்பு. இரண்டு நாளில் போய்விடும். மூட்டில் குத்தும் வலி, வீக்கம், மரமரப்பு இருந்தால் நிறுத்துங்கள். நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்தி, உதவிக்கு ஆளை அழையுங்கள்.

இன்னொன்றை அனைவரும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பிடி மெதுவாக, ஆண்டுக்கணக்கில் தளர்வது வயதின் வேலை. திடீரென்று, சில நிமிடங்களில் ஒரு கை மட்டும் தளர்ந்து, பிடித்த டம்ளர் கீழே விழுந்தால், வாய் ஒரு பக்கம் கோணினால், பேச்சுக் குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். "படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று காத்திருக்க வேண்டாம். எண்ணெய் தேய்க்கவும் வேண்டாம். அந்த நிமிடமே 999ஐ அழையுங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதையும் சொல்லுங்கள். சிகிச்சைக்கு அந்த நேரம் மிக முக்கியம்.

காலும் சோறும்

மலாயில் தானா ராத்தா என்றால் சமதரை என்று பொருள். பெயர்தான் சமதரை, நாம் நடப்பதெல்லாம் ஏற்றமும் இறக்கமும். கால் வலுவில்லாமல் கை மட்டும் வலுவாக இருந்து பயனில்லை. ஆகவே பயிற்சி முடிந்ததும், அதே நாற்காலியில் கையை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்காருங்கள். நாற்காலியைச் சுவரோடு ஒட்டி வையுங்கள். கை ஊன்றாமல் முடியவில்லை என்றால் முதலில் ஊன்றியே செய்யுங்கள். ஐந்து முறைக்கு 12 விநாடிக்கு மேல் ஆகிறது என்றால் கால் தசையைக் கவனிக்க வேண்டும் என்று பொருள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது சொல்லுங்கள்.

தசை வளரப் புரதம் வேண்டும். காலையில் ரொட்டியும் தேநீரும், இரவில் கஞ்சியும் ஊறுகாயும் என்றிருந்தால் உடம்பு எதைக்கொண்டு தசையைக் கட்டும்? ஒவ்வொரு வேளையிலும் ஒரு புரத உணவு இருக்கட்டும். பருப்பு, கடலை, முட்டை, மீன், நெத்திலி, கோழி, தவ்ஃபு, தெம்பே, தயிர் என்று வசதிக்கும் வழக்கத்துக்கும் ஏற்ப எதுவும் சரி. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இறுதியாக

கைப்பிடி என்பது ஒரு சிறிய விஷயம்போலத் தெரியலாம். ஆனால் படியில் கால் வழுக்கும் அந்த ஒரு கணத்தில், பக்கத்துக் கம்பியைப் பற்றிய கை தாங்குமா தாங்காதா என்பதில் ஒருவரின் இடுப்பெலும்பு இருக்கிறது. பேரப்பிள்ளையைப் பயமில்லாமல் தூக்குவதும், தைப்பூசத்தன்று பால்குடத்தை இரு கையாலும் பிடித்து நடப்பதும், யாரையும் எதிர்பார்க்காமல் தன் தேநீரைத் தானே ஊற்றிக் குடிப்பதும் அந்தப் பிடியில்தான் இருக்கின்றன.

ஆண்களே, "நான் தூக்காத கனமா?" என்று பெரிய எடையோடு தொடங்காதீர்கள். தாய்மார்களே, "டம்பெல் எல்லாம் ஆம்பளைங்களுக்கு" என்று ஒதுங்காதீர்கள்; உலக்கை பிடித்த கை உங்களுடையது. தம்பதியாக இருப்பவர்கள் சேர்ந்து செய்யுங்கள். ஒருவர் எண்ண, ஒருவர் செய்யலாம். தனியாக இருப்பவர்கள் அண்டை வீட்டாரை அழைத்துக்கொள்ளுங்கள்.

நாளைக்கே ஒரு போத்தலில் தண்ணீர் நிரப்பி, தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் கை தானே எடுக்கும். பத்து எண்ணும்வரை பிடியுங்கள். அதிலிருந்து தொடங்குவோம்.

அனைவரும் நலமோடும் வலுவோடும் வாழ வாழ்த்துகிறேன்.